சொந்தத் தளமும் சர்வர்ப் பிழையும்

காரைக்காலை அடுத்த தலத்தெருவில், சிவலோகநாதர் கோயிலுக்குச் சமீபத்தில் வசிக்கும் அன்பர் ஒருவர் தம் வட்டாரத்தின் சரித்திரத்தையும் கோயில் விழாக்களையும் பழைய ஆவணங்களையும் பற்றி எழுதிவருகிறார் என்றும், அவற்றைப் பிறருடைய மேடையில் இட விரும்பாமல், மாத வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் தாமே வேர்ட்பிரஸை நிறுவித் தாமே நிர்வகித்துவருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். சில மைல் மேற்கேயுள்ள திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20 அன்று மாலை 5.20 மணிக்குச் சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தபோது, பக்தர்கள் நளதீர்த்தத்தையும் சந்நிதியையும் நோக்கித் திரண்டுகொண்டிருந்த அதே வேளையில், விழா விவரம் தேடி இந்த அன்பரின் தளத்துக்கு வந்தவர்களின் கைப்பேசியில் கட்டுரைக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் திரையும் அதன் நடுவே 500 என்ற எண்ணும் தோன்றியிருக்குமானால், அவர் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம் யாது?

சொந்தமாகத் தளம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் என்றேனும் ஒருநாள் எழுந்தே தீரும் இக்கேள்வியை, அதன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சியின் முடிவாக நான் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பிழை தானாக விளைவிக்கும் சேதம் பெரும்பாலும் அற்பமானது, பிழையைக் கண்டு பதறியவர் பதிவேட்டைப் படிக்காமல் கைவைப்பதால் விளையும் சேதமே பெரியது.

எண்கள் வந்த வரலாறு

ஜினீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991ஆம் ஆண்டில் வகுத்த முதல் எச்டிடிபி முறையில் பிழை எண் என்பதே கிடையாது. கேட்டவருக்குப் பக்கம் வரும். பக்கம் இல்லையென்றால் அந்தச் செய்தியும் மனிதர் படிக்கத்தக்க வாக்கியமாக ஒரு பக்கத்தின் உருவிலேயே வரும். இரண்டுக்கும் உள்ள பேதத்தை எந்திரம் அறிவதற்கு உபாயமில்லை. இக்குறையைத் தீர்க்கவே மூன்று இலக்க நிலைக் குறியீடுகள் ஏற்பட்டன. 1996 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1945 என்ற பெயரில் வெளியான ஆவணம் 500, 501, 502, 503 என்னும் நான்கு சர்வர்ப் பிழைகளை வரையறுத்தது. 504 அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 2068இல் சேர்ந்தது. இன்று இவை எல்லாவற்றுக்கும் பிரமாணமாக விளங்குவது 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110.

இக்குறியீடுகளின் முதல் இலக்கம் ஒரு தீர்ப்பு. நான்கில் தொடங்கினால் பிழை கேட்டவருடையது. ஐந்தில் தொடங்கினால் கொடுக்க வேண்டியவருடையது. இல்லாத முகவரியைக் கேட்டவனுக்கு 404. அனுமதியற்ற இடத்தில் நுழைய முயன்றவனுக்கு 403. இந்தப் பாகுபாட்டை மனத்தில் இருத்தாமையால் வீணாகும் உழைப்பு கொஞ்சமல்ல. கோயில் கோபுரத்தின் பெரிய புகைப்படத்தை ஏற்றும்போது 413 என்று வந்தால், அது சர்வர் பழுதுபட்டதன் அடையாளமன்று. என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள், வேறு கட்டளை இல்லாதவரை, ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட சுமையை ஏற்பதில்லை என்பதே விஷயம். அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் தீரும் காரியத்துக்காகச் சர்வரையே மறுபடி நிறுவப் புகுவது, தலைவலிக்குத் தலையை மாற்றுவது போலாகும்.

மூன்று அலுவலகங்கள்

ஐந்நூறாம் வரிசையில் உள்ள எண்களின் உட்பொருளை விளங்கிக்கொள்ளக் காரைக்கால்காரருக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த நிர்வாகி புதுச்சேரியிலிருந்த கவர்னருக்கு எழுதுவார். கவர்னர் பாரிஸுக்கு எழுதுவார். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பின்னர் பாரிஸின் ஸ்தானத்தில் தில்லி வந்ததே தவிர, மனு மூன்று படிகள் ஏறி இறங்கும் அமைப்பு மாறவில்லை. சர்வரின் உள்ளமைப்பும் இத்தகையதே. வாசகரின் கோரிக்கையை முதலில் வாங்குவது, 1995இல் தோன்றிய அப்பாச்சியோ 2004இல் ரஷ்யரான இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸோ ஆகும். இது வாசலில் அமர்ந்த முதல் அலுவலகம். பக்கத்தைத் தயாரிப்பது பிஎச்பி. இது நடு அலுவலகம். கட்டுரைகள் யாவும் உறங்கும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளமே கடைசி அலுவலகம்.

இனி எண்களைப் படிப்பது சுலபம். காரியம் நடுவழியில் முறிந்துவிட்டது, ஆனால் இன்னதனால் முறிந்தது என்று வெளியாருக்குச் சொல்ல விருப்பமில்லை என்று குமாஸ்தா கைவிரிப்பதே 500. நடு அலுவலகத்தின் கதவு அடைத்திருப்பதையோ, அங்கிருந்து வந்த பதில் பொருளற்றிருப்பதையோ வாசல் அலுவலகம் தெரிவிப்பது 502. கூட்டம் தாங்கவில்லை, அல்லது வேலைநேரம் அல்ல, பிறகு வாருங்கள் என்பது 503. எத்தனை நேரம் கழித்து வரலாம் என்பதையும் உடன் சொல்லும் வசதி இந்நான்கில் இதற்கு விசேஷமாக உண்டு. மனு உள்ளே போயிற்று, குறித்த கெடுவுக்குள் பதில் வரவில்லை என்பது 504. என்ஜின்எக்ஸில் அந்தக் கெடு, நாம் மாற்றாதவரை, 60 விநாடி.

ஆயினும் எண்ணை மட்டும் நம்பி வியாதியை நிச்சயிப்பது தவறு. பிஎச்பி நின்றுபோன ஒரே கோளாறு என்ஜின்எக்ஸ் வாசலில் 502 என்றும் அப்பாச்சி வாசலில் 503 என்றும் தோன்றக்கூடும். தரவுத்தளம் இறந்துபோனால் வேர்ட்பிரஸ் அதைத் தரவுத்தளத் தொடர்பு கிடைக்கவில்லை என்ற வாக்கியமாகச் சொன்னபோதிலும், எண்ணாக அனுப்புவது 500தான். எண் வியாதியின் அடையாளமேயன்றி வியாதியன்று. எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டவேண்டும் என்று வழிகாட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

ஐவகைக் காரணங்கள்

காரணங்கள் எண்ணற்றவை போலத் தோன்றினும், அவற்றை நாமே மாற்றியது, பிறர் மாற்றியது, தானே வளர்ந்தது, கெடு கடந்தது, கூட்டம் கூடியது என்று ஐந்து வகைக்குள் அடக்கிவிடலாம். நேற்று இரவு வரை ஓடிய தளம் இன்று காலையில் நின்றதென்றால், இடையில் இவ்வைந்தில் ஒன்று நிகழ்ந்தே இருக்கும்.

நாமே மாற்றியதே இவற்றில் மிகவும் சாதாரணமானது. ஒரு பிளகினைப் புதுப்பித்திருப்போம். தீமின் கோப்பில் ஒரு வரியைத் திருத்தும்போது ஓர் அரைப்புள்ளியை விழுங்கியிருப்போம். அப்பாச்சி படிக்கும் எச்டிஅக்சஸ் கோப்பில் அதற்குப் புரியாத கட்டளை ஒன்றை எழுதியிருப்போம். இம்மூன்றும் 500 என்றே வெளிப்படும். கோப்புகளின் அனுமதியை மாற்றுவதும் இதில் சேரும்: கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பது சாமான்ய விதி, அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 என்று திறந்துவிடுபவர், சில சர்வர்களில் பிழையைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதனாலேயே புதிய பிழையை வரவழைப்பதோடு, திருடனுக்குக் கொல்லைக் கதவையும் திறந்துவைக்கிறார். வேர்ட்பிரஸ் தன்னைப் புதுப்பிக்கையில் பராமரிப்பு நடக்கிறது என்ற அடையாளமாக ஒரு சிறு கோப்பை வைத்து 503 அனுப்புகிறது. வேலை இடையில் அறுந்துபோனால் அந்தக் கோப்பு அங்கேயே தங்கிவிடும். பத்து நிமிஷத்துக்குப் பின் அது தானே செல்லாததாகிவிடுமாகையால், இங்கே சிறந்த பரிகாரம் சும்மா இருப்பதே.

பிறர் மாற்றியது இரண்டாவது. இடம் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் ஓர் இரவில் பிஎச்பியின் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, தரவுத்தளத்தோடு பேசுவதற்கு அதுவரை வழங்கிய பழைய கட்டளைகளை முற்றும் நீக்கிற்று. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, முன்பு எச்சரிக்கையோடு விட்ட பல தவறுகளைக் குற்றமாகவே பாவித்து ஓட்டத்தை நிறுத்தலாயிற்று. எழுதியவர் கைவிட்டுப்போன பழைய பிளகின்களை வைத்திருப்பவர்கள் இத்தகைய நாள்களிலேயே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

தானே வளர்வது மூன்றாவது. மெதுவாக நிகழ்வதால் இதை எவரும் கவனிப்பதில்லை. பதிவேடுகளும் பழைய காப்புப் பிரதிகளும் பெருகிப் பெருகி வட்டை நிரப்பிவிட்டால், தரவுத்தளத்துக்கு எழுத இடமின்றித் தளம் நின்றுவிடும். பிழையைப் பதிவுசெய்யவும் இடமில்லாமையால் பதிவேடும் மௌனமாகிவிடும் என்பதே இதில் உள்ள விபரீதம். நினைவகமும் அவ்வாறே. ஒரு கிகாபைட் நினைவகம் கொண்ட சிறிய சர்வரில் நெருக்கடி முற்றும்போது, லினக்ஸின் கருவான பாகம், மற்றவை பிழைக்கும் பொருட்டு ஒன்றைப் பலிகொடுக்கத் துணிகிறது. பலியாவது சாமான்யமாக அதிக இடம் பிடித்திருக்கும் தரவுத்தளமே. அதை மறுபடி ஓட்டிவிட்டால் தளம் எழுந்துவிடும். ஆனால் மறுநாள் அதே வேளையில் மறுபடி விழும். இத்தகைய நோயாளியைத் தினமும் தட்டி எழுப்புவது சிகிச்சையாகாது. எதற்காக நினைவகம் போதாமற்போயிற்று என்று காண்பதே சிகிச்சை.

கெடு கடப்பது நான்காவது. டொமைன் பெயருக்குரிய ஆண்டுச் சந்தாவும், பூட்டுக்குறியைக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழும் காலவரையறை உள்ளவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் ஸ்தாபனம் 2015 டிசம்பர் முதல் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கிவரும் சான்றிதழ்களுக்கு ஆயுள் 90 நாள் என்று ஏற்பட்டிருந்தது. 2029 மார்ச்சிலிருந்து எந்த ஸ்தாபனத்தின் சான்றிதழுக்கும் உச்ச ஆயுள் 47 நாளே என்று உலக அளவில் முடிவாகியிருக்கிறது. ஆகவே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு இனி வசதியன்று, அவசியம். இவ்வகைப் பிழைகளில் ஐந்நூறாம் எண்ணே வாராது. கோரிக்கை சர்வரை எட்டுமுன் வழியிலேயே நின்றுவிடும். எண் வாராத பிழைக்குச் சர்வருக்குள் காரணம் தேடுவது, சாவியை வீதியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் தேடுவதற்கு ஒப்பாகும்.

கூட்டத்தின் இயல்பு

ஐந்தாவது காரணமாகிய கூட்டம் தனியே ஆராயத்தக்கது. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்குப் பதினெட்டு வயது கடந்த அனைவருக்கும் தடுப்பூசிப் பதிவு திறக்கப்பட்டபோது, மத்திய அரசின் கோவின் தளம் சில நிமிஷங்களிலேயே திணறியதையும், அப்படியிருந்தும் அன்றைக்குள் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்ததையும் நாம் அறிவோம். காலை 10 மணிக்குத் தட்கல் டிக்கெட் எடுக்க முயன்ற எவருக்கும் இந்த அனுபவம் புதிதன்று. கூட்டத்தின் மொத்தத் தொகையைவிட அது ஒரே கணத்தில் வாசலை நெருக்குவதே ஆபத்து என்பது திருநள்ளாற்றில் வரிசைத் தடுப்புக் கட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உண்மை.

சர்வரிலும் அந்தத் தடுப்பு உண்டு. ஒரே வேளையில் எத்தனை பிஎச்பி பணியாட்கள் இருக்கலாம் என்று ஓர் எல்லை அமைக்கிறோம். எல்லையைக் குறைத்தால் வாசகர் வரிசையில் காத்திருந்து 504 பெறுவர். நினைவகத்தின் சக்தியை மீறி உயர்த்தினால் முன்சொன்னபடி தரவுத்தளம் பலியாகி எல்லோருக்கும் 500 கிடைக்கும். எண்ணை உயர்த்துவதே பரிகாரம் என்று எண்ணுவோர் இந்த இரண்டாவது விளைவை மறந்துவிடுகிறார்கள். உண்மையான பரிகாரம், பணியாட்களைத் தொந்தரவு செய்யாமலிருப்பதே: ஒருமுறை தயாரித்த பக்கத்தைக் கேஷில் வைத்து, அடுத்தவருக்கு வாசலிலேயே கொடுத்துவிட்டால், விழா நேரத்தை ஆயிரம் பேர் கேட்டாலும் நடு அலுவலகம் ஒருமுறை எழுந்தால் போதும்.

வருபவர் யாவரும் மனிதர் என்று கொள்வதும் பிசகு. வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தையும், எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்னும் பழைய வாசலையும் இரவு பகலாகத் தட்டிக் கடவுச்சொல்லை யூகிக்க முயலும் பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள் உண்டு. பக்கங்களை மொத்தமாக வாரிச் செல்லும் பாட்களும் உண்டு. விழா ஏதுமில்லாத ஒரு சாதாரண நாளில் தளம் மூச்சுத்திணறினால், வந்தவர் யார் என்று பார்க்கும் முன் பெரிய சர்வருக்குப் பணம் கட்டுவது உசிதமன்று.

தமிழ்த் தளங்களுக்கே உரிய தொல்லைகள்

ஆங்கிலத் தளங்களுக்காக எழுதிய வைத்திய நூல்களில் காணப்படாத சில வியாதிகள் தமிழ்த் தளங்களுக்கு உண்டு. யூனிகோடில் அமைந்த சாதாரணத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில், மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். தலத்தெரு என்ற பெயர் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ புள்ளியும் கொம்பும் உகரக்குறியும் சேர்ந்து எட்டுக் குறிகள், இருபத்து நான்கு பைட்டுகள். அதுவே ஒரு பக்கத்தின் முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து, மொத்தம் 72 எழுத்தாகிவிடுகிறது. வேர்ட்பிரஸ் முகவரிக்கென ஒதுக்கியுள்ள இடம் 200 எழுத்தே. ஆகவே ஒரு தமிழ்த் தலைப்பில் ஏறத்தாழ 22 குறிகளே அதற்குள் அடங்கும். மீதி அறுந்துபோகும். நீண்ட தமிழ்த் தலைப்புகள் முகவரியில் பாதியில் நிற்பதற்கும், ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு தலைப்புகள் தம்முள் குழம்புவதற்கும் இதுவே காரணம். முகவரியைச் சுருக்கமாக நாமே எழுதிவிடுவது சுலபமான பரிகாரம்.

இதனினும் ஆழமானது தரவுத்தளத்தின் எழுத்துமுறை. மைஎஸ்கியூஎல் நெடுங்காலம், வேறு கட்டளை இல்லாதபோது, லத்தீன் எழுத்துமுறையையும் ஸ்வீடிஷ் அகரவரிசையையும் தன் இயல்பாகக் கொண்டிருந்தது. பழைய தமிழ்த் தளங்கள் பல இந்த ஸ்வீடிஷ் பெட்டிக்குள் தமிழைப் போட்டுவைத்தன. பெட்டியை மாற்றாதவரை எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒரு நாள் சர்வரை மாற்றும்போது ஏற்றுமதியும் இறக்குமதியும் வெவ்வேறு எழுத்துமுறையில் நடந்துவிட்டால், கட்டுரைகள் முழுவதும் புரியாத லத்தீன் கிறுக்கல்களாக மாறிவிடும். இங்கே பிழை எண் எதுவும் வராது. சர்வர் 200, அதாவது யாவும் நலம், என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டிஸ்கி, டாம், டாப் என்று குறியீடுகள் பலவாகப் பிரிந்திருந்த 1990களின் இறுதியில் எழுதத் தொடங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதே. அப்போது செய்யவேண்டியது, தெரியும் எழுத்தைத் திருத்த முயல்வதன்று. பழைய பிரதியை எடுத்துச் சரியான எழுத்துமுறையைக் குறிப்பிட்டு மறுபடி இறக்குவதே.

மைஎஸ்கியூஎலில் யூடிஎஃப்-8 என்ற பெயரால் வழங்கிய பழைய முறையும் குறையுடையதே. அது மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. சாதாரணத் தமிழ் அதில் அடங்கும்; ஆனால் முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னங்களுக்கும் நில, தானிய அளவைகளுக்கும் உரிய குறிகள் 2019 மார்ச்சில் யூனிகோடு 12இல் சேர்ந்தபோது, அவை நான்கு பைட்டுப் பகுதியிலேயே இடம்பெற்றன. நம் அன்பர் ஒரு பழைய நிலப்பத்திரத்தைப் பெயர்த்தெழுதி அக்குறிகளை இட்டால், பழைய முறையில் அமைந்த தரவுத்தளம் அதைச் சேமிக்க மறுக்கும், அல்லது அந்த இடத்தோடு கட்டுரையை அறுத்துவிடும். நான்கு பைட்டையும் ஏற்கும் முறைக்கு வேர்ட்பிரஸ் 2015லேயே மாறத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் நிறுவிய தளங்கள் மாறினவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.

எந்திரம் இருக்கும் இடம்

தலத்தெருவில் மின்சாரம் போனால் தலத்தெருத் தளம் நிற்பதில்லை. அதன் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இருக்கும். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலுக்குச் சமீபத்தில் கரையேறியபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தபோதும் இருளில் மூழ்கியது இந்தக் கரையேயன்றித் தொலைதூரச் சர்வர்கள் அல்ல. மாறாக, சர்வரும் நலம், நம் வீடும் நலம், இடைவழி மட்டும் அறுவதுண்டு: 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தபோது இந்தியாவின் இணையம் மிகவும் தளர்ந்தது. ஆகையால், எனக்கு மட்டும் தெரியவில்லையா, எல்லோருக்குமா என்பதே முதல் பரிசோதனை. வீட்டு இணைப்பை விட்டுக் கைப்பேசி இணைப்பில் பார்க்கலாம். காரைக்காலில் பல குடும்பங்களுக்கு உள்ளதுபோல் பாரிஸில் ஓர் உறவினர் இருந்தால், அவரைத் திறந்து பார்க்கச் சொல்வது எந்தக் கருவிக்கும் குறையாத சோதனை.

சிகிச்சையின் கிரமம்

எல்லோருக்குமே தெரியவில்லை என்று நிச்சயமானபின், இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது லாக் என்னும் பதிவேடு. திரையில் வெளியாருக்கு மறைத்த காரணத்தைச் சர்வர் அதில் ஒளிவின்றி எழுதிவைக்கிறது: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன குறை. வேர்ட்பிரஸ் 2019 மே மாதத்தில் வந்த 5.2ஆம் பதிப்பு முதல், தன்னை வீழ்த்திய பிளகினின் பெயரை நிர்வாகிக்கு மின்னஞ்சலிலும் எழுதுகிறது. பதிவேட்டைப் படிப்பவர் நேரத்தைக் கவனிக்கவேண்டும். அநேக சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. மாலை 5.20க்கு நேர்ந்த பிழையை 11.50க்கு எதிரே தேடவேண்டும். இதை அறியாமல் 17.20க்கு எதிரே தேடி, ஒன்றுமில்லை என்று பதிவேட்டை மூடியவர்கள் உண்டு.

மூன்றாவது, கைவைக்குமுன் இப்போதுள்ள நிலையை, பழுதோடு பழுதாகவே, ஒரு பிரதி எடுத்துக்கொள்வது. நான்காவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது. சந்தேகத்துக்குரிய பிளகினின் கோப்புறைக்கு வேறு பெயர் இட்டால் அது நின்றுவிடும். தளம் எழுந்ததா என்று பார்த்து, எழவில்லையென்றால் பழைய பெயரையே இட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். ஐந்து காரியங்களை ஒருசேரச் செய்து தளத்தை எழுப்பியவர், எதனால் எழுந்தது என்பதை அறியமாட்டார். அறியாதது மறுபடி வரும். ஐந்தாவது, செய்ததை நேரத்தோடு ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைப்பது. நினைவகத்தின் எல்லையை உயர்த்துவதும், சர்வரை மறுபடி தொடங்குவதும், முழுதும் அழித்து நிறுவுவதும் இக்கிரமத்துக்குப் பின் வருபவையேயன்றி முன் வருபவை அல்ல.

கிரமம் தவறினால் நேர்வது சாமான்யருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இரவு, நெடுநேரம் உழைத்துச் சோர்ந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரின் தரவுத்தளக் கோப்புறை என்று எண்ணி மூலச் சர்வரின் கோப்புறையை அழித்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட். பின்னர் தேடியபோது, ஐந்து விதமாக அமைத்திருந்த பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றும் பயன்படவில்லை. அவற்றுள் ஒன்று, தரவுத்தளப் பதிப்புக்கும் பேக்கப் கருவியின் பதிப்புக்கும் ஒவ்வாமையால் மௌனமாகத் தவறிக்கொண்டிருந்தது. தவறியதைச் சொன்ன மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த பிரதியே அவர்களைக் காப்பாற்றிற்று. இவ்வளவையும் அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

இரண்டாவது மாங்கனி

பேக்கப் இல்லாத தளத்தில் எந்தச் சிகிச்சையும் சூதாட்டமே. 2021 மார்ச் 10 அன்று, பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று. காப்புப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்த சிலர், மூலத்தையும் பிரதியையும் ஒரே இரவில் இழந்தார்கள். பிரதி என்று பெயர் பெற்றது வேறு ஊரில் இருக்கவேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாக் காணும் காரைக்கால்காரருக்கு இவ்விஷயத்தை வேறு விதமாகவும் சொல்லலாம். கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்ட புனிதவதியாருக்கு, கணவன் மறுபடி கேட்டபோது, இறையருளால் வேறொரு கனி கையில் வந்து சேர்ந்தது. அம்மையாரின் பக்தி நமக்கு இல்லை. சர்வர் நிர்வாகத்தில் இரண்டாவது மாங்கனி, நாமே முன்கூட்டி எடுத்துவைத்தால் ஒழிய, வாராது.

தாமே நிர்வகிப்பது தகுமா?

இறுதியாக எழுவது, இத்தனை தொல்லையோடு தாமே நிர்வகிக்கத்தான் வேண்டுமா என்னும் கேள்வி. ஒரு சாரார், பெரிய நிறுவனங்களின் மேடையில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பர். வேறொரு சாரார், ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் தயாரிக்கும் முறையை விட்டு, முன்பே தயாரித்த நிலையான பக்கங்களை மட்டும் வைத்தால் நடு அலுவலகமும் கடைசி அலுவலகமும் தேவையற்றுப்போம் என்பர். பத்து நாளைக்கு ஒரு கட்டுரை எழுதுபவருக்கு இதுவே உத்தமம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2004இல் வலைப்பதிவுகளைத் திரட்டத் தொடங்கிய தமிழ்மணமும் நினைவூட்டுவது என்னவெனில், இணையத்தில் தமிழ் நின்றது பெரும்பாலும் சாதாரண மனிதர்களின் ஓய்வுநேர உழைப்பால் என்பதே. மேடைக்காரர் கடையை மூடினால் எழுத்து போய்விடும்; சொந்தத் தளத்தில் பிழை வரும், ஆனால் எழுத்து நம் கையில் இருக்கும். பதிவேட்டைப் படிக்கும் பொறுமையும், பிரதி எடுக்கும் ஒழுங்கும் உள்ளவர் தாமே நிர்வகிப்பது தகும். இவ்விரண்டும் இல்லாதவர் நிலையான பக்கங்களோடு அமைவது நலம் என்பது என் முடிவு.

தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே, கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் இறக்கி, அதில் ஒரு கட்டுரையாவது தமிழ் எழுத்துச் சிதையாமல் திறக்கிறதா என்று வாசகர் பார்த்துவிட வேண்டுகிறேன். அரைமணி நேர வேலை அது. அடுத்த சனிப்பெயர்ச்சிக்குள் ஒருமுறையாவது அந்தப் பேக்கப் தேவைப்படும்.